தனியார் கார் சேகரிப்பைக் காட்டுவதாகச் சொல்லி 16,500 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: எச்சரிக்கைப் பதிவு

பழங்கால கார்களின் தனியார் சேகரிப்பு ஒன்றை நேரில் பார்க்க ஏற்பாடு செய்து தருவதாகக் கூறி, சுற்றுலா அனுபவங்களை விற்கும் ஒரு செயலியின் வழியாக எங்கள் குடும்பத்திடமிருந்து 16,500 ரூபாயைப் பறித்திருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். ஆறிவிட்டால், போனது போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடக்கூடும்.

என் தந்தை திருச்சி பாலக்கரையில் ஒரு பட்டறையில் கார் மெக்கானிக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். அம்பாசிடரும் ஃபியட்டும் அவருக்கு அன்றாடச் சோறு என்றால், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அவருடைய காதல். 1961 முதல் சென்னையில் தயாரான அந்த வண்டியைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்த மாட்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய மனிதரின் தோப்புக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பழைய கார்கள் ஓடும் நிலையில் இருப்பதாகவும், 1930களைச் சேர்ந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஒன்றும் ஹெரால்டு ஒன்றும் அவற்றில் அடக்கம் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சிறு குழுக்களை அனுமதிக்கிறார்கள் என்றும் விளம்பரம் சொன்னது. தலைக்கு 3,500 ரூபாய் வீதம் நால்வருக்கு 14,000. ரோல்ஸ்-ராய்ஸில் ஒரு சுற்று போய்வர 2,500. ஆக மொத்தம் 16,500.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் தொலைபேசியில் விரிவாகப் பேசினேன். அந்த உரையாடல்தான் எங்களை வீழ்த்தியது. ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும் என்பதையும், அதன் பாடி தனிச் சேஸின் (அடிச்சட்டத்தின்) மேல் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டது என்பதையும் அவர் தாமாகவே சொன்னார். "அப்பாவை ஹெரால்டு ஸ்டியரிங்குல உட்கார வைக்கிறோம் சார், அவரே பானெட்டைத் திறந்து பார்க்கட்டும்" என்றார். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வண்டியை இவ்வளவு அறிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

இடத்தின் முகவரியைக் கேட்டபோது, உரிமையாளர் தனிமையை விரும்புபவர், வந்து இறங்கிய பிறகுதான் இருப்பிடம் அனுப்புவோம் என்றார். இதுவும் நம்பும்படியாகவே இருந்தது. விலைமதிப்பில்லாத வண்டிகளை வைத்திருப்பவர்கள் அவை எங்கே நிற்கின்றன என்பதை ஊரறியச் சொல்வதில்லை. ஒரு பழைய முகப்பு விளக்கோ சின்னமோ திருடுபோனால் மாற்று கிடைக்காது. சேகரிப்பாளர்களின் இந்த நியாயமான எச்சரிக்கை உணர்வைத்தான் இந்தக் கூட்டம் தனக்குத் திரையாக வைத்துக்கொண்டிருக்கிறது. பணம் கட்டும் இணைப்பு அந்தச் செயலியின் உரையாடல் பெட்டிக்குள்ளேயே வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிச் சாலையிலிருந்து பிரிந்து ஒரு தென்னந்தோப்பைத் தாண்டிப் போனால், அங்கே இருந்தது கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி வாடகைக்கு விடும் ஒரு தகரக் கொட்டகை. துணி போர்த்திய இரண்டு அம்பாசிடர்கள், சக்கரம் இல்லாத ஒரு பத்மினி, நடுவில் வெள்ளை நிறத்தில் பளபளவென்று ஒரு 'ரோல்ஸ்-ராய்ஸ்'. அப்பா அதன் அருகே போனார், மட்கார்டை விரல் முட்டியால் தட்டினார், வந்த ஓசையைக் கேட்டு மறுபடியும் தட்டினார். "இது தகரம் இல்லப்பா, ஃபைபர்" என்றார். குனிந்து அடியில் பார்த்தவர் ஜீப் சேஸ் என்றார். பானெட்டைத் தூக்கினால் உள்ளே டீசல் எஞ்சின்; ஸ்டியரிங் ஆம்னி வேனுடையது. கோயில் முகப்பைப் போல நிமிர்ந்து நிற்க வேண்டிய அந்த ரேடியேட்டர், வளைத்து ஒட்டிய ஸ்டீல் தகடு. ஹெரால்டு என்று அங்கே எதுவுமே இல்லை.

கொட்டகைக்காரரை நான் குறைசொல்ல மாட்டேன். படம் எடுத்துக்கொள்ளச் சிலர் வருவார்கள் என்று சொல்லி அவருக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார்கள், அவ்வளவே அவருக்குத் தெரியும். எங்கள் கதையைக் கேட்டு, அவமானப்பட்டவராய் அப்பாவுக்கு நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ஏற்பாட்டாளர் முதல் அழைப்பில், உரிமையாளர் வீட்டில் துக்கம், அதனால் இடத்தை மாற்றினோம் என்றார். அடுத்த அழைப்பில், விளம்பரத்தில் 'பழங்காலத் தோற்றமுடைய கார்கள்' என்றுதான் இருக்கிறது என்றார். அந்த வரி எப்போது மாறியது என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்தார். அதன்பின் என் எண் தடுக்கப்பட்டுவிட்டது. செயலியின் வாடிக்கையாளர் சேவையோ, நீங்கள் இடத்துக்குச் சென்று சேர்ந்துவிட்டதால் சேவை வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்று முதலில் எழுதியது. பிறகு, 16,500 ரூபாய் எங்கள் பணப் பக்கத்தின் வழியாக வரவில்லை, எனவே பொறுப்பு எங்களுடையதல்ல என்று எழுதியது. உங்கள் உரையாடல் பெட்டிக்குள் வந்த இணைப்புதானே என்று படத்தோடு அனுப்பியதற்கு, 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாயைப் பறிகொடுத்தவன் சொல்வது கருத்தா?

விரிவான வழிகாட்டியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்; இப்போதைக்கு மனத்தில் நிற்பதை மட்டும் சொல்கிறேன். குறிப்பிட்ட காரின் பதிவு எண் தெரியும் படத்தையும், உங்கள் பெயர் எழுதிய தாளை அதன் மேல் வைத்து அன்றைய தேதியில் எடுத்த படத்தையும் கேளுங்கள். உண்மையில் கார் இருந்தால் இது ஒரு நிமிட வேலை. காசு வாங்கிக்கொண்டு சாலையில் சவாரி என்றால் உடனே சந்தேகப்படுங்கள்: 2021இல் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறும் வண்டியை வணிக நோக்கத்தில் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. பழைய கார்களைப் பார்க்கும் ஆசைதான் என்றால், கோவை அவிநாசி சாலையிலேயே ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுச்சீட்டை வாசலிலேயே வாங்கலாம். பணம் போனது தெரிந்த உடனே, ஏற்பாட்டாளரிடம் மன்றாடி நேரத்தைக் கழிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதமாக ஆகப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறைகிறது. நுகர்வோர் உதவிக்கு 1915.

நான் இரண்டிலும் புகார் கொடுத்துவிட்டேன், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன். இன்று காலை பார்த்தபோதும் அந்த விளம்பரம், அதே ஹெரால்டின் படத்தோடு, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சில இடங்களே மீதம் என்ற வரியோடு அங்கேயே இருக்கிறது. கோவைப் பக்கம் தோப்புக்குள் கார் சேகரிப்பு, முகவரி பிறகு, தலைக்கு 3,500 என்று பார்த்தால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.