பாதி விலைப் பிரிண்டரும் மறைக்கப்பட்ட டோனர் கணக்கும்: அலுவலகங்களுக்கு ஓர் எச்சரிக்கை

அலுவலகத்துக்குப் பிரிண்டரோ நகல் இயந்திரமோ வாங்கவிருப்பவர்கள், விலைப்புள்ளியை ஏற்றுக் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்குக் கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் விற்ற முகவர், இயந்திரத்தின் விலை குறைவு என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லி, டோனர் என்னும் மைத்தூள் பெட்டி உட்பட அதை ஓட்டுவதற்கு ஆகும் செலவை நேரடியாகக் கேட்டபோதும் மறைத்துவிட்டார். அவர் கொடுத்த பதில், "டோனர் உள்ளேயே வருகிறது சார், 1,500 பக்கம் தாராளமாக ஓடும்" என்பதுதான். அதை எழுத்தில் தரச் சொன்னதற்கு, நிறுவனத்தின் கையேட்டிலேயே இருக்கிறது என்று கூறிவிட்டார்.

கையேட்டில் இருந்தது வேறு. 1,500 பக்கம் என்பது தனியாகக் காசு கொடுத்து வாங்கும் டோனருக்கான எண்ணிக்கை. இயந்திரத்தோடு பெட்டியில் வருவது 'ஸ்டார்ட்டர்' டோனர் என்றும், அது 700 பக்கத்துக்குத்தான் வரும் என்றும் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தினமும் இதே இயந்திரத்தை விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அந்த 1,500 பக்கமும் எப்படிப்பட்ட பக்கம் என்று பார்க்க வேண்டும். கருப்பு வெள்ளை லேசர் டோனர்களின் பக்க எண்ணிக்கையை ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 19752 என்ற சர்வதேசத் தர அளவீட்டின்படி கணக்கிடுகிறார்கள். 2004-இல் வெளியான இந்த அளவீட்டில், குறைந்தது 3 இயந்திரங்களில், ஒவ்வொன்றிலும் 3 டோனர் வீதம், ஒரே மாதிரிப் பக்கத்தை இடைவிடாமல் அச்சிட்டு, கிடைத்த எண்ணிக்கைகளின் சராசரியிலிருந்து அறிவிப்புக்குரிய எண்ணை எடுக்கிறார்கள். மாதிரிப் பக்கத்தில் மை படியும் பரப்பு சுமார் 5 சதவீதம்; ஏறத்தாழ ஒரு சின்னக் கடிதத்தின் அளவு. அளவீட்டில் குறை இல்லை. ஆனால் தலைப்பில் முத்திரை, நடுவே நிழலிட்ட அட்டவணை, அடியில் விதிமுறைப் பத்தி என்று அடைத்துக்கொண்டு வரும் எங்கள் ரசீதுகளில் மை 8 சதவீதத்துக்குக் குறையாமல் படிகிறது. அப்படியானால் 1,500 பக்க டோனர் 940 பக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

மாதம் 2,000 பக்கம் அச்சிடும் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளில் 72,000 பக்கம் ஆகிறது. நிறுவனம் சொன்ன எண்ணிக்கையை அப்படியே ஒப்புக்கொண்டாலும் இதற்கு 48 டோனர் வேண்டும். ஒரு டோனரின் விலை இயந்திரத்தின் விலையில் நான்கில் ஒரு பங்கு. ஆகவே மூன்று ஆண்டு டோனருக்கு மட்டும் பன்னிரண்டு பிரிண்டர்களின் விலை போய்விடும். அதே சமயத்தில் எங்களுக்கு வந்திருந்த இன்னொரு விலைப்புள்ளியில் இயந்திரம் இரண்டு மடங்கு விலை. ஆனால் அதன் டோனர் 6,000 பக்கம் ஓடக்கூடியது, விலையோ முதல் பிரிண்டரின் விலையில் பாதி. 72,000 பக்கத்துக்கு 12 டோனர் போதும். முதல் பிரிண்டரின் விலையை ஒரு பங்காக வைத்து இயந்திரத்தையும் டோனரையும் சேர்த்துப் பார்த்தால், மலிவானது பதின்மூன்று பங்கு செலவு வைக்கிறது, "வீண் விலை" என்று முகவர் ஒதுக்கித் தள்ளிய இயந்திரம் எட்டுப் பங்கோடு நிற்கிறது. கேட்ட அன்றே அவர் டோனரின் விலையையும் பக்க எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்திருந்தால், இந்தக் கணக்கு ஐந்து நிமிட வேலை.

டிரம் யூனிட், அதாவது மைத்தூளைத் தாளில் பதிக்கும் உருளை, தனிக் கதை. இந்த இயந்திரத்தில் டோனர் வேறு, டிரம் வேறு. 12,000 பக்கத்துக்கு ஒருமுறை டிரம்மை மாற்ற வேண்டும் என்றால் மூன்று ஆண்டுகளில் ஆறு டிரம். நீண்ட ஆவணத்தை ஒரே மூச்சில் அச்சிடுவதைவிட ஒவ்வொரு பக்கமாக அவ்வப்போது அச்சிட்டால் டிரம் சீக்கிரம் தேயும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இயந்திரம் தொடங்கி நிற்பதற்குள் அது கூடுதலாகச் சுழல்கிறது. ரசீது அடிக்கும் அலுவலகங்களுக்கு அதனால் அட்டையில் போட்டிருக்கும் எண்ணிக்கை வரை டிரம் வருவதில்லை. "எல்லாம் அடங்கும்" என்று சொல்லி எங்களிடம் விற்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் டிரம், மைத்தூளைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பியூசர், தாள் இழுக்கும் ரோலர் ஆகிய மூன்றும் 'தேய்மானப் பொருள்கள்' என்று விலக்கப்பட்டிருந்தன. தேயாத பாகங்களுக்குத்தான் ஒப்பந்தம் என்றால், பழுது பார்க்க வரும் ஆளின் கூலியைத் தவிர நாங்கள் எதற்குப் பணம் கட்டினோம்?

எனக்கு மிகவும் மனம் நொந்தது இதற்கு அடுத்ததில். 'டோனரை மாற்றவும்' என்று திரையில் வந்து இயந்திரம் நின்றுவிடும். கடைசியாக வந்த பக்கமோ எழுத்து கொஞ்சமும் மங்காமல் கன்னங்கரேலென்று இருக்கும். கழற்றிய டோனரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தூள் இங்குமங்கும் சரிவது கையில் தெரியும். அச்சிட்ட பக்கங்களை வைத்துக் கணிக்கும் இயந்திரம் அது. உள்ளே மிச்சம் எவ்வளவு என்று அது எடைபோட்டுப் பார்ப்பதில்லை. அமைப்புப் பட்டியலில் 'நிறுத்து', 'தொடர்' என்று இரண்டு தெரிவுகள் இருந்தன. 'தொடர்' என்று மாற்றிய பிறகு அதே டோனரில் மேலும் பல பக்கங்கள் தெளிவாகவே வந்தன. ஒவ்வொரு முறையும் புது டோனரைக் கையோடு கொண்டுவந்த பராமரிப்பு ஆள் இதை ஒருநாளும் சொன்னதில்லை. வேறு நிறுவனத்தின் டோனரைப் போட்டுப் பார்த்தோம், சில காலம் ஓடியது. பிறகு இயந்திரத்தின் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டதும், அந்த டோனரின் சிப்பை ஏற்க மறுத்துவிட்டது.

'மாதம் 15,000 பக்கம் தாங்கும்' என்ற விளம்பர வரியையும் நம்ப வேண்டாம். அது உச்ச வரம்பு. அதே கையேட்டில் பரிந்துரைக்கப்படும் மாத அளவு 2,000 பக்கம் வரைதான் என்று வேறொரு வரியில் இருக்கிறது.

ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே டோனரின் விலை, அதன் பக்க எண்ணிக்கை, பெட்டியில் வருவது முழு டோனரா ஸ்டார்ட்டரா, டிரம்மின் விலையும் ஆயுளும், ஒப்பந்தத்தில் விலக்கப்பட்ட பாகங்களின் பட்டியல் ஆகிய அனைத்தையும் முகவரின் கையெழுத்தோடு வாங்குங்கள். உங்கள் வழக்கமான ரசீது ஒன்றைக் கொடுத்து, அதில் எத்தனை சதவீதம் மை படிகிறது என்றும் கேளுங்கள். கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் அதன் கடைசிப் பக்கத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். எங்களுடையதில், முடியும் தேதிக்கு 30 நாள்களுக்கு முன் எழுத்தில் மறுக்காவிட்டால் அது தானாகவே இன்னொரு ஆண்டுக்கு நீளும் என்று இருந்தது. நாங்கள் மறுப்புக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் வைத்திருக்கிறோம்.