காரைக்குடி நாய்த் தீனிக் கடை: பாக்கெட் வாங்கலாம், சில்லறை வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். செக்காலை ரோட்டுப் பக்கம் நான் வாடிக்கையாகப் போகும் நாய்த் தீனிக் கடையில் ஒட்டிய பாக்கெட்டைத் தயங்காமல் வாங்கலாம். வாய் திறந்த சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் தீனியைத் தொடாதீர்கள். கல்லாவில் முதலாளி இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வேலைக்கு நிற்கும் தம்பி மட்டும் இருந்தால் டானிக் பாட்டில் இல்லாமல் படியிறங்க விடமாட்டான். கடையின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நாளைக்கும் அவர் முகத்தில் முழிக்க வேண்டும்.

நான் கோட்டையூரில் பலகாரம் போடுகிறவன். தேன்குழல், சீப்பு சீடை, மாவுருண்டை, ஆர்டர் வந்தால் மனகோலம். சென்னையில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தின் பழைய வீட்டில், பின்கட்டில் எங்கள் அடுப்பு, முகப்பில் எங்கள் காவல். காவல் என்பது கருப்பன். கறுப்பு லேப்ரடார், 11 வயது, 34 கிலோ. 30-க்கு இறக்கு, இல்லாவிட்டால் பின்னங்கால் தாங்காது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்த நிலைமையில் என் மகள் ஸ்ரீராம் நகர் ரயில்வே கேட் பக்கத்திலிருந்து ஒரு நாட்டுக் குட்டியைத் தூக்கி வந்துவிட்டாள். பல்லைப் பார்த்து இரண்டு மாதம் இருக்கும் என்றார் டாக்டரம்மா. எடை 3 கிலோ. பெயர் சீடை.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூட்டை வாங்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் ஆத்தா அதையே கேட்டார்: "ஏண்டா, குட்டிக்கு ஒரு சாக்கு, கெழட்டுக்கு ஒரு சாக்கா? ஒரே சட்டியில கொட்டுனா ரெண்டும் திங்காதா?" தின்னும். தின்பதுதான் சிக்கல்.

கடை முதலாளியை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில். பாக்கெட்டில் கை வைப்பதற்கு முன்னால் அவர் கேட்டது, "எடை போட்டீங்களாண்ணே?" என்று. பலகாரக் கடையில் தராசுக்கா பஞ்சம், இரண்டின் எடையையும் சொன்னேன். ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நாயின் எடையை அதே எடையால் இரண்டு தடவை பெருக்க வேண்டும். வருகிற எண்ணுக்குக் கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அமுக்க வேண்டும். அதை 70-ஆல் பெருக்கினால், சும்மா படுத்துக்கிடக்கவே அந்த நாய்க்கு எத்தனை கலோரி வேண்டும் என்பது வரும். கால்நடை மருத்துவர்கள் எல்லாரும் பயன்படுத்தும் கணக்குதான். நாலு மாதம் ஆகாத குட்டிக்கு அதை மூன்றால் பெருக்க வேண்டும், அதற்குப் பிறகு இரண்டால். எடை குறைக்க வேண்டிய கிழட்டு நாய்க்கு, இருக்க வேண்டிய எடையை வைத்துக் கணக்கிட்டு, பெருக்காமல் அப்படியே விட வேண்டும்.

போட்டுப் பாருங்கள். சீடைக்கு ஒரு நாளைக்கு 480 கலோரி வருகிறது. கருப்பனுக்கு 30 கிலோ கணக்கில் 900. கையில் ஏந்துகிற குட்டிக்கு, கதவை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும் நாயின் சாப்பாட்டில் பாதிக்கு மேல் வேண்டும்! கணக்கில்லாமல் கூடக் குறைச்சலாகப் போடும் வீடுகளில் குட்டி எலும்பும் தோலுமாக நிற்பதும், பெரிய நாய் உருண்டு திரண்டு இருப்பதும் இதனால்தான். நான் வாங்கிய குட்டித் தீனியில் கிலோவுக்கு 3,700 கலோரி என்று அச்சடித்திருந்தது. அப்படியென்றால் நாளைக்கு 130 கிராம், நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 32, 33 கிராம். பெரிய நாய்க்கு வாங்கியது கிலோவுக்கு 3,300. அது 270 கிராம், காலையும் மாலையும். கலோரி போடாத பாக்கெட்டும் அதே அலமாரியில் இருக்கிறது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குட்டி வளர வளர வாராவாரம் எடை போட்டு அளவை மாற்ற வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். தீனி மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரம், பத்து நாளில் முழுசாக மாற்றச் சொன்னார். அவசரப்பட்டால் வயிற்றால் போகும், கழுவுவது நாம்தான்.

லேபிள் விஷயம் என் தொழிலோடு ஒட்டியது என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். என் முறுக்குப் பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இல்லாவிட்டால் அதிகாரி வந்து நிற்பார். அந்தச் சட்டம் மனிதர் தின்பதற்கு மட்டும்தான். நாய்த் தீனியில் நாமேதான் அதிகாரி. அமெரிக்காவில் ஆஃப்கோ என்றொரு அமைப்பு வகுத்த அளவை உலகம் பூராவும் எடுத்துக்காட்டுகிறார்கள்: ஈரம் நீக்கிய கணக்கில் வளரும் குட்டிக்குப் புரதம் குறைந்தது 22.5 சதவீதம், கொழுப்பு 8.5, வளர்ந்த நாய்க்குப் புரதம் 18, கொழுப்பு 5.5. 'சீனியர்' என்று தனியாக ஓர் அளவு அவர்களிடம் கிடையவே கிடையாது. முதலாளியும் மறைக்கவில்லை. "அது கம்பெனிக்காரன் வச்ச பேருண்ணே, கலோரியப் பாத்து எடுங்க" என்றார். விற்கிறவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். 'எல்லா வயதுக்கும்' என்று போட்டு வரும் பாக்கெட்டையும் அவரிடம் கேட்டேன். குட்டிக்கு உண்டான அளவை எட்டினால்தான் அப்படிப் போட முடியுமாம். ஆகவே அது பெயர் மாற்றிய குட்டித் தீனி. ஒல்லியான பெரிய நாய் இருக்கும் வீட்டுக்கு அது போதும். என் வீட்டில் இருப்பதோ லேப்ரடார். அந்த இனத்தில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணுவிலேயே ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கருப்பன் அந்த நாலில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி குறை. கடை வாசலிலேயே மூன்று பெரிய சாக்குகள் வாய் திறந்து நிற்கின்றன. கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துத் தருகிறார்கள். நாள் சம்பளக்காரர்களுக்கு அது வசதி என்பது தெரியும், அதனால் முழுதாகத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தீனி எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். மாவைச் சூட்டோடு அழுத்தி அச்சு வழியாகப் பிழிந்து வெட்டுகிறார்கள், நம் தேன்குழல் மாதிரிதான்; காய்ந்த பிறகு மேலே கொழுப்பைத் தெளிக்கிறார்கள். அந்த வாசனைக்குத்தான் நாய் ஓடிவருகிறது. மேலே பூசிய கொழுப்பு காற்றும் வெயிலும் பட்டால் சிக்குப் பிடிக்கும். சித்திரை வெயிலில் வாசலில் வைத்த சாக்கில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். சிக்கு வாடை பிடரியில் அடித்தது. என் கடையில் அப்படி ஒரு டின் இருந்தால் அன்றைக்கே குப்பைக்குப் போகும். நாய் தின்றுவிடும், புகார் சொல்லாது; வைட்டமின்கள் கெட்டுப்போனதை நாமும் பார்க்க முடியாது. தவிர, அள்ளித் தரும் தீனிக்குத் தயாரித்த தேதியோ, தொகுதி எண்ணோ, கலோரியோ எதுவும் கையில் வருவதில்லை. மேலே சொன்ன கணக்கை எதை வைத்துப் போடுவது?

இதை முதலாளியிடமே சொன்னேன். "கேக்குறாங்கண்ணே, நிறுத்துனா எதுத்த கடைக்குப் போயிருவாங்க" என்றார். சாக்கை நிழலுக்காவது நகர்த்தியிருக்கலாம். போன வாரம் வரை நகரவில்லை.

வாங்கிய பாக்கெட்டை டின்னில் கொட்டக் கூடாது. பாக்கெட்டோடு டின்னுக்குள் இறக்கி, வாயைச் சுருட்டிக் கிளிப் போட்டு மூட வேண்டும். டின்னின் ஓரத்தில் ஒட்டும் பழைய கொழுப்பு புதுத் தீனியையும் கெடுக்கும். திறந்தது ஒரு மாதத்துக்குள் தீர வேண்டும். அதனால் குட்டிக்கு 3 கிலோ பாக்கெட்டே போதும், 10 கிலோ மூட்டையின் விலைக் குறைவைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கடையில் வாங்கியவற்றில் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் ரப்பர் வளையம் வைத்த எவர்சில்வர் வட்டில் இரண்டு: முழுத் திருப்தி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாதா வட்டில் வழுக்கிக்கொண்டே போகும், கருப்பன் அதைத் துரத்திக்கொண்டு போய்ப் பின்னங்கால் சறுக்கிவிடுவான். இப்போது அது இல்லை. உள்ளே மேடும் பள்ளமுமாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டு, மெதுவாகத் தின்ன வைக்குமாம்: வேலை செய்கிறது, இரண்டு நிமிடத்தில் தின்றதை இப்போது பத்து நிமிடம் தின்கிறான். ஆனால் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவ ஒரு பழைய பல் துலக்கி வேண்டும், கழுவாமல் விட்டால் எறும்பு வரிசை கட்டும். எறும்புக்கு நான் செய்வது, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வட்டிலை வைப்பது.

இவ்வளவு வாங்கியும், இரண்டு நாயும் ஒன்றன் தட்டில் ஒன்று வாய் வைக்காமல் இருப்பதற்குக் காரணம் காசு கொடுத்து வாங்காத ஒரு சாமான். முகப்புக்கும் வளவுக்கும் (உள்முற்றத்தைச் சுற்றிய கட்டு) நடுவில் இருக்கும் தேக்குக் கதவு. கருப்பனுக்கு முகப்பில், குட்டிக்கு வளவை ஒட்டிய அறையில். கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டு வட்டிலையும் கீழே வைப்போம். பதினைந்து இருபது நிமிடத்தில் வட்டிலை எடுத்துவிட வேண்டும், தின்றாலும் தின்னாவிட்டாலும். இதுவும் முதலாளி சொன்னதுதான். குட்டியின் நடு வேளைகள் இரண்டும் கருப்பன் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது நடந்துவிடும். பெரிய நாய் குட்டியைப் பார்த்து உறுமினால் அதை அதட்டாதீர்கள் என்றார். உறுமல் ஒரு எச்சரிக்கை. அதட்டி அதை நிறுத்திவிட்டால் அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். தட்டைத் தூரமாக நகர்த்துவதே வழி. இந்தப் பேச்சுக்கு அவர் பில் போடவில்லை.

வேலைக்காரத் தம்பி விஷயம். முதலாளி இல்லாத ஒரு நாள், "குட்டிக்குக் காலு வளைஞ்சிரும்ணே, கால்சியம் ஒரு பாட்டில் வச்சுக்கங்க" என்று நீட்டினான். முறையான குட்டித் தீனி தின்னும் குட்டிக்கு அது தேவையில்லை என்று டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். தீனியிலேயே கால்சியம் இருக்கிறது. சின்னக் குட்டியின் குடலுக்கு அதிகப்படியை வேண்டாமென்று தள்ளத் தெரியாது, ஊட்டினதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பெரிய இனக் குட்டிகளுக்கு அதனாலேயே எலும்பு கோணிப் போகும். பாட்டிலைத் திருப்பி வைத்தேன். பால் பவுடரையும் நீட்டினான், அதையும் வைத்தேன். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை, பேதி நிச்சயம்.

ஆத்தாவுக்கு மட்டும் ஒரு விட்டுக்கொடுத்தல்: வேகவைத்த முட்டையிலோ பரங்கிக்காயிலோ ஒரு துண்டு, அவர் கையால், நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். மீந்த குழம்புச் சோறு மட்டும் கிடையவே கிடையாது. நம் ஊர்க் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் என்ன இருக்கிறது? இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உலர்ந்த திராட்சை இன்னும் மோசம், சிறுநீரகத்தையே அடிக்கும். பலகார வேலை நடக்கும் பின்கட்டுக்கு நாய்கள் வரக் கூடாது என்பது எங்கள் சுத்தத்துக்காக மட்டும் போட்ட சட்டம் இல்லை.

விலை: குட்டித் தீனி 3 கிலோ பாக்கெட் 900 ரூபாய்ச் சொச்சம், ஜி.எஸ்.டி.யும் சேர்த்து. அச்சடித்த விலையில் கொஞ்சம் குறைத்துத் தருகிறார், கேட்டால் மட்டும். கோட்டையூர் வரை கொண்டுவந்து தருவதற்குத் தனியாக வாங்குவதில்லை. காலை பத்தரைக்கு மேல் ஒரு மணி வரை முதலாளி நிச்சயம் இருப்பார். ஞாயிறு மதியம் கடை சாத்தியிருக்கும். தேதி பார்க்காமல் பாக்கெட்டை வண்டியில் ஏற்றாதீர்கள்; பின்வரிசையில் இருப்பதைக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்.