எழுத்தாளர் மெம்பர்ஷிப் ஒரு வருஷம் எடுத்துப் பாத்தேன், 3/5

எனக்குப் பிடிச்ச ஒரு எழுத்தாளரோட மாசச் சந்தாவுல ஒரு வருஷம் இருந்தேன், பேர் வேணாம். டிராஃப்ட் படிக்கலாம், மாசம் ஒரு லைவ்ல கேள்வி கேக்கலாம்னு சொல்லித்தான் சேத்தாங்க. டிராஃப்ட் எல்லாம் சூப்பர், அடிச்சு அடிச்சு எழுதுன வரியைப் பாக்குறதுக்கே காசு கொடுக்கலாம்.

லைவ் தான் கடுப்பு. கதையைப் பத்தி யாருமே கேக்கல, "இந்தப் பிரச்சனைக்கு ஏன் வாய தொறக்கல", "அடுத்த பாகம் எப்போ", இதேதான், நானும் ஒரு தடவ கேட்டேன் பொய் சொல்லல. மூணாவது மாசத்தோட லைவை நிறுத்திட்டாரு, ஒரு வார்த்த சொல்லல, காசு மட்டும் கரெக்டா கட் ஆச்சு.

அப்பதான் யோசிச்சேன், அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சர் 1965க்கு அப்புறம் எதையுமே வெளியிடாம 2010ல செத்துப்போற வரைக்கும் ஒதுங்கியே இருந்தாரு, இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டே 1992ல முதல் நாவல் வந்ததுலேர்ந்து புனைபேருக்குப் பின்னாடியேதான் இருக்காங்க, அதனால அவங்க புக்குல ஒரு வரியாச்சும் கொறஞ்சுதா என்ன? புக்கு வாங்குனா புக்குதான் நம்மளது, ஆளு இல்ல.

ஆனா இந்த மனுஷன் லைவ் வரேன்னு சொல்லி காசு வாங்குனாரு, அது வேற கணக்கு. கருத்து சொல்ல மாட்டேன்னா சொல்லாதீங்க சார், லைவ் இல்லன்னா அந்தக் காசையாவது திருப்பிக் குடுங்க. டிராஃப்டுக்காக மட்டும்னா தாராளமா சேரலாம், நான் கேன்சல் பண்ணிட்டேன், அடுத்த புக்கு வந்தா கண்டிப்பா வாங்குவேன்.