கழுத்துக்கு முன்னாலா, பின்னாலா?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் லாரிக்குக் கூடை ஏற்றுபவர்களைப் பாருங்கள். கூடை முகத்துக்கு முன்னால்தான் மேலே போகும். ஜிம்மிலோ, பார்பெல்லை (எடைத்தட்டு மாட்டும் நீளக் கம்பியை) தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்கும் ‘பிரஸ்’ பயிற்சியில், பல தம்பிகள் அதைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கி ஏற்றுகிறார்கள்.

பின்னால் இறக்கும்போது மேற்கை பக்கவாட்டில் விரிந்து, வெளிப்புறமாக ஏறக்குறைய எல்லைவரை சுழன்றுவிடும். தோள் இறுகியவர் கழுத்தை முன்னால் நீட்டித்தான் சமாளிப்பார். ஒரே வசதி, கம்பி தலையைச் சுற்றாமல் நேராக ஏறும்.

முன்னால் தூக்கினால் முழங்கை சற்று முன்னே வந்து தோள் மூட்டுக்கு இடம் கிடைக்கிறது. கையை 180 டிகிரி உயர்த்தும்போது ஏறக்குறைய 60 டிகிரி தோள்பட்டை எலும்பின் சுழற்சியால் வருவது. அது தடையில்லாமல் நடக்கணும். கம்பி நெற்றியைத் தாண்டியதும் தலையை முன்னே கொண்டுவாருங்கள். கம்பி நடுப்பாதத்துக்கு நேர்மேலே நிற்க வேண்டும். இங்கே ஆபத்து இடுப்பில்தான்: எடை கூடினால் முதுகு பின்னால் வளையும். 1972-க்குப் பிறகு ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியிலிருந்து பிரஸ் நீக்கப்பட்டதற்கு அந்த வளைவும் ஒரு காரணம். பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கிப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதனால் யார் கேட்டாலும் முன்னால் என்றே சொல்வேன். முதல் சில வாரம் வெறும் கம்பியோடு பழகுங்கள், அப்புறம் தட்டு மாட்டலாம்.