யுசுவும் ஒரு தள்ளுபடி பாட்டிலும்

போன வாரம் சேலத்திலிருந்து நண்பன் போன் செய்தான். "டேய், அடுத்த மாசம் ஊருக்கு வர்றப்ப அந்த யுசு பாட்டில் ரெண்டு எடுத்துட்டு வாடா. ரெண்டு லிட்டர் வரைக்கும் கஸ்டம்ஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?" சொல்ல மாட்டார்கள்தான். அவன் கேட்டது, யுசு என்கிற புளிப்புப் பழத்தின் சாற்றை ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயில் கலந்தது. 720 மில்லி பாட்டில் இரண்டு தாராளமாக அந்தக் கணக்குக்குள் அடங்கும். ஆனாலும் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று காலைதான் அப்படி ஒரு பாட்டிலை சிங்க்கில் கொட்டியிருந்தேன்.

ஒசாகாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் குளிர்காலத்தில் 'ஜுன்மாய்' (வேறு ஆல்கஹால் சேர்க்காத) சாக்கேயை 40 டிகிரிக்குச் சூடு காட்டி, 'நுருகான்' என்பார்களே, அப்படிக் கொடுத்தார்கள். முதல் மடக்கிலேயே எனக்கு ஞாபகம் வந்தது வீட்டு மண்சட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த நீராகாரம். அதிலேயே மனசு ஒட்டிக்கொண்டது. அரிசி, தண்ணீர், கோஜி என்கிற பூஞ்சை, ஈஸ்ட், இவ்வளவுதான் சாக்கே. 'ரைஸ் ஒயின்' என்ற பேர் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. திராட்சையில் சர்க்கரை பழத்திலேயே இருக்கிறது, அரிசியில் இல்லை. கோஜிப் பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க ஆக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்கிக்கொண்டே போகும். இரண்டு வேலையும் ஒன்றாக நடப்பதால்தான் தண்ணீர் கலக்காத 'கென்ஷு' 18, சில சமயம் 20 சதவீதம் வரை போகிறது.

யுசு என் வாழ்க்கையில் இரண்டாம் வருடம்தான் வந்தது. எலுமிச்சை மாதிரியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தோலை நகத்தால் கீறிப் பாருங்கள், நாரத்தைத் தோலும் கமலா ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து மூக்கில் ஏறுகிற மாதிரி இருக்கும். சாறு கொஞ்சம், விதை ஏராளம், வாசனை முழுக்கத் தோலில். அதிகம் விளைவது ஷிகோகு தீவின் கோச்சி மாகாணத்தில். பீச்சுக்கும் செஸ்ட்நட்டுக்கும் மூன்று வருடம், பெர்சிமனுக்கு எட்டு, 'பெரிய முட்டாள்' யுசுவுக்குப் பதினெட்டு என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. விதை போட்டு வளர்த்தால் அத்தனை காலம் காய்க்காமல் நிற்கும் மரம் அது.

சாக்கேயில் யுசுச் சாற்றைக் கலந்துவிட்டால் சட்டப்படி அது சாக்கே இல்லை. லேபிளில் 'லிக்யூர்', அதாவது சுவை சேர்த்த மது வகை என்றுதான் போட வேண்டும். வாங்குபவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். பின் லேபிளில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். முதலில் 'நிஹோன்ஷு' (சாக்கேக்கு இங்கே அதுதான் பேர்) என்று இருந்தால் எடுங்கள். வெறும் ஸ்பிரிட்டிலோ, ஷோச்சு என்கிற வடித்த சாராயத்திலோ செய்ததும் பக்கத்திலேயே அதே மஞ்சள் லேபிளோடு நிற்கும். அதில் புளிப்பு தனியாக, இனிப்பு தனியாக நிற்கும். சாக்கேயில் செய்ததில் அரிசியின் உருட்சி அடியில் படுத்திருக்கும், புளிப்பு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஏழெட்டு சதவீதம்தான் ஆல்கஹால், சாப்பாட்டோடு குடிக்கலாம். பொரித்த மீனோடு நான் வேறு எதையும் தேடுவதில்லை.

இனி என் எரிச்சல். மூடி திறந்த முதல் வாரம் இருக்கிற வாசனை மூன்றாம் வாரம் இல்லை. புளிப்பு இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, அந்தத் தோல் மட்டும் காணோம். ஃபிரிட்ஜில் வைத்தாலும் சரி, இறுக்கி மூடினாலும் சரி. இத்தனை வருடமாக இதே கதைதான். நான் வாங்கும் கடைகளில் 720 மில்லிதான் கிடைக்கிறது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அதை ஒரு வாரத்தில் எப்படிக் காலி செய்வது? வாசனைக்காகவே வாங்குகிற பொருளை ஏன் சின்ன பாட்டிலில் தர மாட்டேன் என்கிறார்கள்?

போன மாதம் ஒரு கடையில் 1,800 யென் பாட்டில் 1,200-க்கு இருந்தது. எடுத்துவிட்டேன். வீட்டில் திறந்தால் பிழிந்து நாலு நாள் கிடந்த எலுமிச்சைத் தோல் வாடை. அடுத்த முறை போனபோதுதான் கவனித்தேன், அந்த வரிசை மொத்தமும் கண்ணாடி ஜன்னலில் மத்தியான வெயிலில் நிற்கிறது, அதுவும் நிறமில்லாத பாட்டில்களில். வெளிச்சம் சாக்கேயைக் கெடுக்கும் என்பதால்தானே பழுப்பும் பச்சையுமான பாட்டில்கள்! நேர் வெயிலில் வைக்காதீர்கள் என்று லேபிளிலேயே போட்டிருக்கிறது. தயாரித்தவர்மேல் குறை சொல்ல முடியாது. கடைக்காரர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நாமே ஊறவைத்தால் என்ன என்றும் பார்த்தேன். வீட்டில் பழம் ஊறவைக்க மது 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், சாதாரண சாக்கே 15, 16-தான். ஆகவே 35 சதவீத வெள்ளைச் சாராயத்தில் கற்கண்டும் யுசுத் தோலும் போட்டேன். தோலை ஒரு வாரத்தில் எடுத்துவிட்டதால் கசக்கவில்லை, மணமும் அபாரம். ஆனால் அடியில் அரிசி இல்லை. ஒரு கிளாஸுக்கு மேல் இறங்கவில்லை.

நல்ல பாட்டிலில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று இருக்கிறது, அது கடைசி இரண்டு விரல்கடை. எவ்வளவு குலுக்கி ஊற்றினாலும் பழச்சதை மஞ்சளாக அடியில் தங்கிவிடும். அதில் இரண்டு பங்கு வெந்நீர் விட்டுச் சுழற்றி, கிளாஸை இரு கையாலும் பிடித்து முகத்தருகே கொண்டுபோனால், போய்விட்டது என்று நினைத்த தோல் வாசனை ஆவியோடு கொஞ்சம் திரும்பி வரும். ஜனவரி ராத்திரியில் அதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் நண்பனுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். யுசு கிடையாது. சேலத்து வெயிலில், திறந்து வைத்து மாதக்கணக்கில் விருந்தாளிகளுக்குக் காட்டுகிற அவன் வீட்டு அலமாரியில், அது பத்து நாள் தாங்காது. கெடாமலிருக்க இரண்டு முறை சூடு காட்டி அடைத்த ஜுன்மாய் ஒன்று, பச்சை பாட்டிலில், பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருக்கிறேன்.