காம்பன்சேட்டர் உள்ள ஏர் பிஸ்டலுக்கு எந்த பெல்லட்? காரைக்குடியிலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டல் ஒன்றைப் பல வருடமாகச் சுட்டு வருகிறேன். பேரல் முனையில், சுடும்போது பிஸ்டல் எழும்புவதைக் குறைக்கும் காம்பன்சேட்டர் உள்ளது. புதிதாக வாங்கியவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான், எந்தக் கம்பெனி பெல்லட் (ஏர் பிஸ்டலில் போடும் சிறு ஈயக் குண்டு) நல்லது? அதற்குக் கம்பெனி பெயரில் பதில் கிடையாது. உங்கள் பேரலுக்கு எது பிடிக்கிறது, உங்கள் காம்பன்சேட்டரோடு எது ஒத்துப்போகிறது, இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு டின் டின்னாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள்.

காம்பன்சேட்டர் என்ன செய்கிறது என்பது தெரிந்தால் மீதி புரியும். பெல்லட் பேரல் முனையைத் தாண்டும்போது அதன் பின்னால் வரும் காற்றில் ஒரு பகுதி மேல்பக்கத் துளைகள் வழியாக வெளியேறி முனையைக் கீழே அழுத்துகிறது, சுட்டதும் பிஸ்டல் மேலே எழும்புவது குறைகிறது. பெல்லட்டின் பின்புறப் பாவாடையை முட்டிக் கலைக்கிற காற்றும் குறைகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகன் 9 மி.மீ. காம்பன்சேட்டர் பிஸ்டலில் போட்டிக்குச் சுடுகிறான். அங்கே கணக்கே வேறு. குண்டின் எடையை கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் வைத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர், மைனர் என்ற பிரிவுக்குக் குறைந்தது 125 வர வேண்டும். 147 கிரெய்ன் குண்டு 900 அடியில் போனாலும் 115 கிரெய்ன் குண்டு 1150 அடியில் போனாலும் 132தான், ஆனால் 115க்கு மருந்து அதிகம் வேண்டும், வாயு அதிகம் வரும், காம்பன்சேட்டர் நன்றாக வேலை செய்யும். அதனால் அவன் ஃபேக்டரி தோட்டாவில் எடை குறைந்து வேகம் கூடியதைத் தேடுகிறான். நம் நாட்டில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. நம்மிடம் இருப்பது காற்று. வால்வு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு காற்றைத்தான் விடும், எந்த பெல்லட் போட்டாலும் காம்பன்சேட்டருக்குக் கூடுதல் வாயு கிடைக்கப்போவதில்லை. நம் கையில் இருப்பது பெல்லட்டின் எடை மட்டும்தான்.

ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 மேட்ச் 0.45 கிராமிலும் 0.53 கிராமிலும் வருகிறது, முதலாவது பிஸ்டலுக்கு, இரண்டாவது ரைஃபிளுக்கு. ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் வகையில் பிஸ்டலுக்கானது 0.49. ரைஃபிள் பெல்லட்டைப் பிஸ்டலில் போடக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, சிலருடைய பேரலில் அதுதான் நெருக்கமான குரூப் (அட்டையில் விழும் துளைகளின் கூட்டம்) போடும். ஆனால் ஒரே அளவு ஆற்றலில் 0.53 கிராம் பெல்லட் 0.45ஐ விட மெதுவாகப் போகும், அதே சமயம் கையில் விழும் உதை கணக்குப்படி சுமார் 8 சதவீதம் கூடும். பேரலுக்குள் அது இருக்கும் நேரமும் கூடும், அந்த நேரத்தில் மணிக்கட்டு அசைந்தால் அசைவு குறி அட்டையில் தெரியும். என் பிஸ்டலில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. 0.45 போட்டுச் சுட்டால் முன் சைட் லேசாக எழும்பி அதே இடத்தில் வந்து உட்காரும், 0.53 போட்டால் இடது மேல்பக்கம் போய் நிதானமாகத் திரும்பும். 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுட வேண்டிய போட்டியில், கடைசி இருபதில் இது தோளுக்குத் தெரியும்.

குரூப் பார்ப்பதற்கு எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் தோதானவை. முகப்பிலிருந்து வளவு (உள்முற்றம்) தாண்டி இரண்டாங்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். குறுக்கே வரும் கதவுகளைத் தாழ்போட்டு, பின்னால் இரும்பு பெல்லட் டிராப் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சுட வேண்டும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். பிஸ்டலின் கைப்பிடியைக் கழற்றி, வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) ரப்பர் வைத்துப் பிடித்து, சிலிண்டர் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு வகைக்கும் ஐந்து ஐந்தாகப் பல அட்டை சுடுங்கள். ஒரே ஒரு அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள், தற்செயலாக ஒரு நல்ல குரூப் எல்லா பெல்லட்டுக்கும் விழும்.

ஹெட் சைஸ், அதாவது பெல்லட்டின் தலைப்பகுதி விட்டம், என்று டின்னில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருப்பார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். என் பேரலுக்கு 4.49இல் ஐந்தில் ஒன்று எப்போதும் வெளியே ஓடும், 4.50இல் ஐந்தும் ஒரே கிழிந்த துளையாக விழும். நண்பர் ஒருவரிடம் அதே மாடல் பிஸ்டல் இருக்கிறது, அவருக்கு 4.49தான் சரியாக வருகிறது. இதனால்தான் கம்பெனி பெயரைச் சொல்ல எனக்குத் தயக்கம்.

இங்கே பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவன் "அண்ணே, விலை கூடுன டின்னு வாங்குனா பாயிண்டு கூடாதா?" என்று கேட்டான். கணக்கைப் பாருங்கள். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ. துளை வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து, அதாவது பெல்லட்டின் மையம் 16 மி.மீ. அகலத்துக்குள் எங்கே விழுந்தாலும் பத்துதான். வைஸில் 5 மி.மீ. குரூப் போடும் பெல்லட்டுக்கும் 6 மி.மீ. போடும் பெல்லட்டுக்கும் உள்ள வித்தியாசம், 600க்கு 540 சுடுபவருக்குத் தெரியவே தெரியாது. தகுதிச் சுற்றில் பிஸ்டலுக்கு முழு எண்ணில்தான் மதிப்பெண். அவனுக்கு நான் சொன்னது, பயிற்சிக்கு நடுத்தர விலை பெல்லட், மிச்சக் காசில் இன்னும் நாலு டின். 565ஐத் தாண்டியபின் விலை உயர்ந்ததைப் பார்க்கலாம்.

ஆனால் மலிவானதோ உயர்ந்ததோ, ஒத்துப்போன லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணைக் கண்டுபிடித்தால் அதே லாட்டில் கையில் இருக்கும் காசுக்கு வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்த லாட் அதே பெயரில், அதே எடையில் வந்தாலும் அதே மாதிரி சுடும் என்று சொல்ல முடியாது.

கூரியரில் வரும் டின்களில் பாவாடை நசுங்கிய பெல்லட் இருக்கும். ஆத்தங்குடி ஓட்டுத் தரையில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பேன். நல்ல பெல்லட் ஒரு வட்டத்தில் சீராகச் சுற்றி வரும், நசுங்கியது நொண்டி நொண்டிப் போய் நிற்கும். அதைப் பயிற்சிக்குக்கூடப் போடுவதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து வைத்த டின்னில் ஈயம் வெளுத்துப் பொடி பூக்கும், மூடி இறுக்கி அலமாரியில் வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

இப்போது நான் போட்டிக்கு 0.49 கிராம், 4.50 வைத்திருக்கிறேன். வைஸில் 0.53 இதைவிட மயிரிழை நன்றாகச் சுட்டது, ஆனால் சைட் திரும்பி வரும் விதத்தில் 0.49 வென்றது. கையில் சுடுவதுதானே போட்டி.

திடீரென்று ஒன்றிரண்டு பெல்லட் காரணமில்லாமல் வெளியே ஓட ஆரம்பித்தால் பெல்லட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் காம்பன்சேட்டரைக் கழற்றிப் பாருங்கள். வெளியேறும் துளையைச் சுற்றி ஈயச் சாம்பல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று கோடு விழுந்திருந்தால் பெல்லட் அங்கே உரசுகிறது என்று அர்த்தம், திருகு சரியாக உட்காரவில்லை. உலர்ந்த காட்டன் பட்ஸால் துடைத்து நேராக மாட்டுங்கள், பேரலுக்கு ஃபெல்ட் பெல்லட் (சுத்தம் செய்யும் கம்பளித் துண்டு) இரண்டு மூன்று தள்ளினால் போதும். இதைப் போட்டிக்கு முந்தின நாள் மட்டும் செய்யாதீர்கள், சுத்தம் செய்த பேரல் பழைய குரூப்புக்குத் திரும்பக் கொஞ்சம் குண்டு பிடிக்கும்.