வம்சாவளி தேடப் பழைய பத்திரம்: என் அனுபவம்

சில வருடங்களாக அப்பா வழி ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஊர் தஞ்சாவூர் பக்கம். பிறப்புச் சான்றிதழை நம்பி இறங்கினால் தாத்தாவோடு நின்றுவிடும், கிராமத்தில் அந்தக் காலத்துப் பிறப்புகள் பல பதிவே ஆகவில்லை. நிலப் பத்திரம் அப்படியில்லை. பணம் கைமாறுகிற சமாச்சாரம் என்பதால் இன்னார் குமாரர், இன்ன ஊர், இன்ன தொழில், பழைய பத்திரம் என்றால் சாதி வரைக்கும் எழுதி வைத்திருப்பார்கள்.

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்தச் சொத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள், காசில்லை. பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் ஒழுங்காக வரும். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, தேடுதல் கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். அசையாச் சொத்துப் பத்திரங்கள் அங்கே 1-ஆம் பதிவுப் புத்தகத்தில் இருக்கும், அதன் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், 1908 பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. உயில்கள் 3-ஆம் புத்தகம், எழுதியவர் காலமான பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். 1980-களில் யூ.டி.ஆர். (நில ஆவணங்களைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) வந்தபோது சர்வே எண்கள் மாறின, அதனால் பழைய எண்ணும் கையில் இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

கிடைத்ததிலேயே பெரிய புதையல் பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் வயது வரிசையில் நிற்பார்கள், இறந்துபோனவரின் பங்குக்கு அவர் பிள்ளைகள் வருவார்கள், நாம் தனியாக மரம் வரைய வேண்டியதே இல்லை. ஆனால் எனக்கு அதிகம் உதவியது நான்குமால்தான், அதாவது நிலத்தின் நான்கு பக்க எல்லை விவரம். பலர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். 'இன்னார் நிலத்துக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு' என்று இருக்குமே, அந்த இன்னார் பாதி நேரம் பங்காளியாகத்தான் இருப்பார், ஒரே நிலத்தைப் பிரித்துக்கொண்டவர்கள் பக்கத்தில் பக்கத்தில்தானே இருப்பார்கள். வீட்டில் யாரும் பேச்செடுக்காத ஒரு சித்தப்பா கிளை எனக்கு வடக்கெல்லையில்தான் அகப்பட்டது (ஏன் பேசுவதில்லை என்பதும் அடுத்த பத்திரத்தில் தெரிந்துவிட்டது, அடமானம்).

பெண்கள் விஷயத்தில் மட்டும் இது கைவிட்டுவிடும். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது (அதுவும் அப்போது திருமணமாகாதவர்களுக்கு), அதற்கு முந்தைய பாகப்பிரிவினையில் அத்தைமார் பெயரைத் தேடுவது பெரும்பாலும் வீண். 'மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான' என்று எங்காவது வந்தால் அந்த வரியை விடாதீர்கள். என் கொள்ளுப்பாட்டியின் பெயர் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது, அவர் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை.